சீரிஸ் லித்தியம் பேக்கில் செல் வோல்டேஜ் பார்க்க எது சரி: மல்டிமீட்டரா, ஆர்டுயினோவா, ஸ்மார்ட் பிஎம்எஸ்ஸா?

13 செல் சீரிஸில் போட்ட ஒரு 48 வோல்ட் என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகை லித்தியம்) பேக். வெளியே வரும் இரண்டு ஒயரில் மீட்டரை வைத்தால் 48.1 காட்டுகிறது. செல்லுக்கு 3.70, ஏறக்குறைய பாதி சார்ஜ், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிடத் தோன்றும். ஆனால் 12 செல் 3.75-லும் ஒரே ஒரு செல் 3.10-லும் இருந்தாலும் கூட்டினால் அதே 48.1 தான். முதல் பேக் இன்னும் சில வருஷம் ஓடும். இரண்டாவது பேக் ஒரு மேட்டில் ஏறும்போது வண்டியை நிறுத்திவிடும். மொத்த வோல்டேஜை மட்டும் வைத்துக்கொண்டு சீரிஸ் பேக்கைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது, செல் செல்லாகப் பார்த்தே ஆக வேண்டும்.

எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் பலர் பணத்தையும் நேரத்தையும் தவறான இடத்தில் போடுகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நல்ல 6000 கவுண்ட் (திரையில் சுமார் 6000 படி வரை எண் காட்டும்) மல்டிமீட்டரும், செல்களைக் கண்காணித்து எல்லை தாண்டினால் துண்டிக்க பேக்கிலேயே நிரந்தரமாக இருக்கும் போர்டான ஒரு ஸ்மார்ட் பிஎம்எஸ்ஸும். ரெசிஸ்டர் டிவைடர் (வோல்டேஜைப் பிரித்துக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) போட்டு ஆர்டுயினோ என்ற சின்ன கோடிங் போர்டில் படிப்பதை 4 செல்லுக்கு மேல் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதை எண்களோடு பார்த்தால்தான் நம்பிக்கை வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். (பேரலலாகச் சேர்த்த செல்களை ஒரே செல்லாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், மீட்டருக்கு அவை ஒன்றுதான்.)

கையில் பிடிக்கும் மல்டிமீட்டரிலிருந்து தொடங்கலாம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் நிற டிடி830 வகை மீட்டர் 2000 கவுண்ட் மீட்டர். 20 வோல்ட் ரேஞ்சில் அது 10 மில்லிவோல்ட் படிகளில்தான் காட்டும், 4.05-க்கும் 4.06-க்கும் நடுவில் என்ன இருந்தாலும் அதற்குத் தெரியாது. முழு சார்ஜில் 54 வோல்ட் வரும் இந்தப் பேக்கை முழுசாக அளக்க 200 வோல்ட் ரேஞ்சுக்குப் போனால் படி 0.1 வோல்ட் ஆகிவிடும். 6000 கவுண்ட் மீட்டரில் 6 வோல்ட் வரை 1 மில்லிவோல்ட் படி கிடைக்கும், செல் பார்க்க அதுதான் வேண்டும். துல்லியம் 0.5 சதவீதம் என்று போட்டிருந்தால் 4 வோல்ட்டில் 20 மில்லிவோல்ட் வரை தப்பு இருக்கலாம், உண்மையான 4.000 என்பது 4.020 என்று தெரியலாம். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தப்பு 13 செல்லிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் இருக்கும். நமக்குத் தேவை செல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், அதைச் சொல்ல ஒரே மீட்டர், ஒரே ரேஞ்ச் போதும். பாதி செல்லை ஒரு மீட்டரிலும் மீதியை நண்பரின் மீட்டரிலும் பார்த்தால்தான் குழப்பம்.

மலிவு மீட்டரில் இன்னொரு விஷயம். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்க இறங்க ரீடிங் மேலே ஏறிக்கொண்டே போகும். 4.2-க்கு மேல் போகவே முடியாத சார்ஜரில் போட்ட செல்கள் எல்லாம் 4.35, 4.4 என்று காட்டினால் பேக்கைச் சந்தேகப்படும் முன் மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மீட்டரில் ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. கரண்ட் அளந்துவிட்டு சிவப்பு புரோபை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு பேக்கில் வைத்தால் அது நேரடி ஷார்ட். புரோபின் முனை உருகித் தெறிக்கும், மீட்டருக்குள் நல்ல ஃபியூஸ் இல்லையென்றால் மீட்டரே போய்விடும். இரண்டாவது, ஒவ்வொரு செல் இணைப்பிலிருந்தும் வரும் மெல்லிய ஒயர்கள் சேரும் பேலன்ஸ் கனெக்டரின் பின்கள் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன, புரோப் வழுக்கினால் பக்கத்துப் பின்னையும் தொட்டு ஒரு செல்லை அந்த மெல்லிய ஒயர் வழியாகவே ஷார்ட் செய்துவிடும். புரோபின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு நுனி மட்டும் வெளியே தெரியும்படி செய்துகொள்ளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். சாதாரண பிஎம்எஸ்ஸில் இரண்டு மைனஸ் உண்டு: செல்லிலிருந்து வரும் பேட்டரி மைனஸ், மாஸ்ஃபெட்டுக்கு (பிஎம்எஸ்ஸின் எலக்ட்ரானிக் சுவிட்ச்) அந்தப் பக்கம் லோடுக்குப் போகும் அவுட்புட் மைனஸ். பிஎம்எஸ் கட் ஆன நிலையில் அவுட்புட் மைனஸில் மீட்டரை வைத்தால் பூஜ்ஜியம் வராமல் 30, 38 என்று ஏதோ ஒரு எண் வரும். மாஸ்ஃபெட் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டமே மீட்டருக்குப் போதும். இதைப் பார்த்துவிட்டு 'பேக் இறங்கிவிட்டது' என்று சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. ஒரு சின்ன பல்பையோ ரெசிஸ்டரையோ குறுக்கே போட்டால் அந்த எண் சட்டென்று விழுந்துவிடும், அப்போது தெரிந்துவிடும் அது உண்மையான வோல்டேஜ் இல்லை என்று. எப்போதும் பேட்டரி மைனஸிலிருந்தே அளக்கத் தொடங்குங்கள்.

மீட்டரின் உண்மையான குறை வேகம். கையால் 13 செல்லைப் பார்த்து முடிக்க ஓரிரண்டு நிமிடம் ஆகும். பேக் சும்மா இருக்கும்போது பரவாயில்லை (சார்ஜோ ஓட்டமோ முடிந்து அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் நல்லது). லோடு ஓடும்போது முதல் செல்லைப் பார்த்த கரண்ட் வேறு, கடைசிச் செல்லைப் பார்க்கும்போது கரண்ட் வேறு. அந்த எண்களை ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

ட்ரோன், ஆர்சி கார் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் 8 செல் வரை காட்டும் சின்ன செக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிளக்கைச் செருகினால் வரிசையாகக் காட்டும், சர்வீஸ் மேசையில் ஒரு நாளைக்குப் பல பேக் பார்ப்பவருக்கு நேரம் மிச்சம். ஆனால் தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தப் பேக்கின் கீழே உள்ள சில செல்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வகைதான் அதிகம், செருகியே விட்டுவிட்டால் அந்தச் செல்கள் மட்டும் இறங்கி அதுவே ஒரு புது பேலன்ஸ் பிரச்சினை ஆகும். பார்த்ததும் கழற்றிவிட வேண்டும்.

இப்போது ஆர்டுயினோ டிவைடர். யூடியூபில் பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருக்கும்: ஒவ்வொரு டேப்பிலிருந்தும் (செல்கள் சேரும் இடத்திலிருந்து வரும் ஒயர்) கிரவுண்டுக்கு இரண்டு ரெசிஸ்டர், நடுவிலிருந்து அனலாக் பின்னுக்கு ஒரு ஒயர், பிறகு ஒரு டேப்பிலிருந்து அதற்குக் கீழே உள்ள டேப்பைக் கழித்தால் செல் வோல்டேஜ். கணக்கு சரிதான். ஆனால் தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட், 5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஒரு படி 4.88 மில்லிவோல்ட். முழு சார்ஜில் வரும் 54.6 வோல்ட்டை 5-க்குள் கொண்டுவர 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று 11-க்கு 1 டிவைடர் போட்டால் ஒரு படி 54 மில்லிவோல்ட் ஆகிவிடுகிறது. சல்லிசான மஞ்சள் மீட்டரே 10 மில்லிவோல்ட் காட்டுகிறது, இது அதைவிட ஐந்து மடங்கு மோசம். இதுகூடப் பரவாயில்லை. ரெசிஸ்டரின் டாலரன்ஸ்தான் நிஜமான வில்லன். 1 சதவீத ரெசிஸ்டர் போட்டு, அதிர்ஷ்டவசமாக டிவைடரின் மொத்தத் தப்பு அரை சதவீதத்தில் நின்றது என்றே வைத்துக்கொள்வோம். 13-ஆவது டேப் அரை சதவீதம் கூட்டிக் காட்டினால் 54.60 என்பது 54.87. 12-ஆவது டேப் அரை சதவீதம் குறைத்துக் காட்டினால் 50.40 என்பது 50.15. கழித்தால் மேல் செல் 4.72 வோல்ட்! உண்மையில் அந்தச் செல் 4.20-ல் சமர்த்தாக இருக்கிறது. கீழே உள்ள செல்கள் எல்லாம் ஓரளவு சரியாகத் தெரியும், மேலே போகப் போக எண்கள் கன்னாபின்னா என்று ஆகும். 'மேல் செல்கள் மட்டும் ஏன் தப்பாகக் காட்டுகின்றன?' என்று கேட்பவர்களில் பெரும்பாலோரின் பிரச்சினை இதுதான், செல்லில் ஒரு கோளாறும் இல்லை.

சரி, ஒவ்வொரு டேப்பையும் மீட்டரோடு ஒப்பிட்டு கோடில் ஒரு திருத்த எண் கொடுத்துவிடலாமே என்றால், கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் சாதாரண மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒரு டிகிரிக்கு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை நகரும். விடிகாலையில் திருத்தி வைத்ததை மதிய வெயிலில் 15 டிகிரி அதிகமான சூட்டில் பார்த்தால், டிவைடரின் இரண்டு ரெசிஸ்டருக்கும் இடையே அந்த அளவு நகர்வு இருந்தால், 50 வோல்ட் டேப்பில் 70 மில்லிவோல்ட் அளவுக்கு மாறிவிடும். நாம் தேடுகிற கோளாறே அந்த அளவுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை டிவைடர் குடிக்கும் கரண்ட். 110 கிலோ ஓம் டிவைடர் 13 டேப்பிலும் போட்டால், ஒவ்வொரு டேப்பின் கரண்டும் அதற்குக் கீழே உள்ள எல்லா செல் வழியாகவும் போகிறது. மேல் செல் வழியாக ஒரு டிவைடரின் கரண்ட் மட்டும், சுமார் 0.47 மில்லி ஆம்பியர். அடிச் செல் வழியாகப் பதிமூன்று டிவைடரின் கரண்டும், சுமார் 3.3 மில்லி ஆம்பியர். ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் விட்டால் மேல் செல் 0.34 ஆம்பியர்-மணியும், அடிச் செல் 2.4 ஆம்பியர்-மணியும் இழந்திருக்கும். 10 ஆம்பியர்-மணி சைக்கிள் பேக்கில் இது 20 சதவீதச் சமநிலைக் குலைவு. கோளாறு கண்டுபிடிக்கப் போட்ட போர்டே கோளாறை உண்டாக்குகிறது. ரெசிஸ்டரைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் கரண்ட் பத்தில் ஒன்றாகும், ஆனால் ஏடிசிக்கு அது பிடிக்காது, அந்த சிப்புக்கு 10 கிலோ ஓமுக்குள் சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் இருந்தால்தான் சரியாகப் படிக்கும், பின்னுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் போட்டு நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கும்.

'ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சிப் போட்டால் சரியாகிவிடும், 16 பிட்' என்று சொல்வார்கள். பாதி உண்மை. 6.144 வோல்ட் ரேஞ்சில் அதன் படி 0.1875 மில்லிவோல்ட், தன் உள்ளேயே நிலையான ரெஃபரன்ஸ் வைத்திருக்கிறது. ஊனோவில் யுஎஸ்பி ஒயரைப் பொறுத்து 4.7-க்கும் 5.1-க்கும் நடுவில் ஆடும் 5 வோல்ட்டை ரெஃபரன்ஸாக வைத்துப் படிக்கும் தொல்லை அதோடு போய்விடும். ஆனால் டிவைடர் அப்படியே இருக்கிறது, அதன் தப்பும் அப்படியே இருக்கிறது. இப்போது 4.72 என்ற தவறான எண் 4.7218 என்று கூடுதல் தசமத்தோடு வரும், அவ்வளவுதான். டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் வைத்து ஒவ்வொரு செல்லையும் தனியாக எடுக்கலாம் என்பதும் கடைசியில் நான்கு ரெசிஸ்டர் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதில்தான் வந்து நிற்கும். 0.1 சதவீத ரெசிஸ்டர் வாங்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிஎம்எஸ் விலை வந்துவிடும்.

4 செல் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் கதை வேறு. மொத்தமே 14.6 வோல்ட், ஒரு ஏடிஎஸ்1115-இல் நான்கு டேப்பும் அடங்கிவிடும், திருத்த எண் கொடுத்தால் நம்பலாம். படிக்க, கற்றுக்கொள்ள, சோலார் லைட் பேக்கில் லாக் எடுத்து வைக்க அருமையான வேலை, தாராளமாகச் செய்யுங்கள்.

சொந்தமாகப் போர்டு வடிவமைப்பவர்கள் டிவைடர் பக்கமே போகாமல் இதற்கென்றே உள்ள சிப்புக்குப் போய்விடலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ76940 9 முதல் 15 செல் வரை, பிக்யூ76952 3 முதல் 16 செல் வரை. லீனியர் டெக்னாலஜி கொண்டுவந்து இப்போது அனலாக் டிவைசஸ் விற்கும் எல்டிசி6804 ஒன்றே 12 செல்லை அதிகபட்சம் 1.2 மில்லிவோல்ட் தப்போடு படிக்கும். ஒவ்வொரு செல்லையும் அதன் இரண்டு முனைக்கு நடுவிலேயே அளப்பதால் 50 வோல்ட் மேலே மிதக்கிறது என்ற பிரச்சினையே எழாது. ஆனால் நெருக்கமான கால்கள் கொண்ட எஸ்எம்டி சிப், இன்புட் ஃபில்டர், செல் இணைக்கும் வரிசை எல்லாவற்றையும் டேட்டாஷீட் சொன்னபடியே செய்ய வேண்டும். ஒரே ஒரு பேக்குக்காக இதில் இறங்குவது வீண்.

ஸ்மார்ட் பிஎம்எஸ் என்று கடையில் வருவது இதே வேலையைத்தான் தயாராகச் செய்து கொடுக்கிறது. ஜேபிடி, டாலி, ஜேகே என்று நிறையக் கிடைக்கின்றன, ப்ளூடூத்தில் மொபைலில் எல்லா செல்லும் மில்லிவோல்ட் கணக்கில் தெரியும். இதன் பெரிய பலம், எல்லா செல்லையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், லோடு ஓடும்போதே பார்க்கலாம் என்பது. மேட்டில் ஏறும்போது எந்தச் செல் சரிகிறது என்பதை வேறு எதிலும் இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. ஜேகேயின் ஆப் ஒவ்வொரு பேலன்ஸ் ஒயரின் ரெசிஸ்டன்ஸையும் தனியாகக் காட்டும், அது ஏன் இவ்வளவு பயன் என்பது கீழே வருகிறது. முதல் நாள் மட்டும் மீட்டரையும் ஆப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டும் ஏன் வேண்டும் என்கிறேன் என்றால், சில கோளாறு ஒன்றில் தெரியும், மற்றதில் மறைந்துவிடும். ஒரு உதாரணம். ஆப்பில் எல்லா செல்லும் 4.05, ஐந்தாவது மட்டும் 4.35, ஆறாவது 3.75. பிஎம்எஸ் 4.25 பக்கத்திலேயே சார்ஜைத் துண்டித்துவிடும், ஆக பேக் நிரம்புவதே இல்லை. ஐந்தாவது செல் கெட்டுவிட்டது என்று அதை மாற்றுவார்கள், மறுபடியும் அதே ரீடிங் வரும். 4.35-ஐயும் 3.75-ஐயும் கூட்டிப் பாருங்கள், 8.10. இரண்டு 4.05-ம் 8.10 தான். அடுத்தடுத்த இரண்டு செல்லில் ஒன்று கூடி மற்றது அதே அளவு குறைந்தால் செல்லைத் தொடாதீர்கள், அந்த இரண்டுக்கும் பொதுவான டேப் ஒயரைப் பாருங்கள்: சால்டர் விட்டிருக்கும், கிரிம்ப் தளர்ந்திருக்கும், பச்சைப் பாசி பிடித்திருக்கும். இதை மீட்டரால் பிடிக்கப்போய்ப் பலர் தோற்பார்கள், ஏனென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் ஒயர் சரியாகவே காட்டும். மீட்டர் 10 மெகா ஓம், அந்தக் கெட்ட இணைப்பில் சில கிலோ ஓம் இருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. பிளக் செருகியிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து ஒருமுறை, செல்லின் உலோகத்திலேயே ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் வந்தால் அந்த ஒயர்தான்.

பிஎம்எஸ் செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஆப் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு செல்லின் சார்ஜை இன்னொன்றுக்கு மாற்றும் 1 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் 0.1 ஓம் உள்ள ஒயரில் ஓடினால் 100 மில்லிவோல்ட் ஒயரிலேயே போய்விடும். பேலன்ஸை நிறுத்திவிட்டு ரீடிங் எடுங்கள்.

அப்புறம் 16 செல் எல்எஃப்பி வைத்து வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேக் கட்டுபவர்கள் எட்டு எட்டாக இரண்டு வரிசை வைத்து நடுவில் ஒரு கேபிள் போடுவார்கள். லோடில் ஒன்பதாவது செல் மட்டும் 50 மில்லிவோல்ட் குறையும், சார்ஜில் அதே அளவு கூடும், சும்மா இருக்கும்போது எல்லாம் சமம். பலவீனமான செல்லும் இப்படித்தான் நடந்துகொள்ளும், அதனால் ஏமாறுவது சுலபம். 50 ஆம்பியர் ஓடும்போது மீட்டரை மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும், லக்கில் (கேபிள் முனையின் உலோக வளையம்) இல்லாமல் செல்லின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே 50 மில்லிவோல்ட் இருந்தால் 1 மில்லி ஓம் அந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. அலுமினிய முனையின் மேல் படிந்த ஆக்சைடைத் தேய்த்து, நட்டைச் சரியான டார்க்கில் முறுக்கினால் செல் தானாகக் 'குணமாகிவிடும்'.

எல்எஃப்பி வைத்திருப்பவர்கள் நடுச் சார்ஜில் எல்லா செல்லும் 3.30 என்று ஒரே மாதிரி காட்டுவதை வைத்து பேலன்ஸ் சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அந்தக் கெமிஸ்ட்ரியில் சுமார் 30 முதல் 70 சதவீதம் வரை வோல்டேஜ் சில பத்து மில்லிவோல்ட்தான் நகரும், 20 சதவீதம் பின்தங்கிய செல்கூட வரிசையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சார்ஜின் கடைசியில், செல்கள் 3.40-ஐத் தாண்டும்போது பார்த்தால்தான் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று தெரியும். என்எம்சியில் 10 மில்லிவோல்ட் துல்லியம் போதும், எல்எஃப்பிக்கு அது போதாது.

ஆக, பழைய பேக் ஒன்றை ஒருமுறை திறந்து பார்ப்பவருக்கு மீட்டர் மட்டும் போதும். தினமும் ஓடும் வண்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஸ்மார்ட் பிஎம்எஸ் வாங்குங்கள், மீட்டர் சந்தேகம் தீர்க்கக் கூட இருக்கட்டும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் முதலில் மீட்டர், காரணம் பிஎம்எஸ்ஸின் பிளக்கைச் செருகும் முன் ஒவ்வொரு பின்னும் வரிசையாக ஒரு செல் அளவு ஏறுகிறதா என்று பார்க்க அது வேண்டும். ஒயர் வரிசை மாறிச் செருகியதால் போன பிஎம்எஸ்கள் ஏராளம்.

எந்தக் கருவியில் பார்த்தாலும் ஒரு செல் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் அதற்குச் சார்ஜ் ஏற்றிப் பார்க்காதீர்கள். அவ்வளவு தூரம் இறங்கிய செல்லில் ஆனோடின் செப்புத் தகடு கரைந்திருக்கலாம், சார்ஜ் ஏறும்போது அந்தச் செப்பு மறுபடி படிந்து உள்ளுக்குள் ஷார்ட் உண்டாகும், வெளியே 3.7 காட்டிக்கொண்டே ஒரு நாள் சூடாகும். அந்தச் செல்லின் இரு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வைத்து, பழைய பேட்டரி எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது, கடையில் தயங்காமல் கேளுங்கள்.